பெருவிரல் நகம் வெளுக்கும் வரை

போன மாதம் கிளினிக்குக்குப் போயிருந்தேன். வேலைக்கு அல்ல, நான் ஓய்வுபெற்றுச் சில வருடங்களாகிவிட்டன. மருந்து எடுக்கப் போனேன். புதிதாக வந்திருக்கும் நேர்ஸ் பிள்ளை என் வலது கையைப் பிடித்து, நடுவிரல் முட்டியில் தன் பெருவிரலை வைத்து அழுத்திவிட்டு, "நோகுதோ அம்மா?" என்று கேட்டாள். உயிர் போய் வந்தது. "இல்லைப் பிள்ளை" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே விளங்கியது. இதே அறையில், இதே மேசைக்கு மறுபக்கம் இருந்துகொண்டு, "நோகுதெண்டா நோகுதெண்டு சொல்லுங்கோ" என்று வருடக்கணக்காகச் சனத்திடம் கெஞ்சியவள் நான். ஊருக்குத்தான் உபதேசம். என் கண்ணில் நிறைந்த நீரைப் பார்த்து அந்தப் பிள்ளை சிரித்துவிட்டாள். உங்களுக்கே இந்த மூட்டு வருத்தம் இருக்கும்போது எப்படி இதைப் பற்றிய ஆராய்ச்சியில் வேலை செய்தீர்கள், அதை எழுதித் தந்தால் எங்களுக்கு உதவுமே என்று கேட்டாள். உதவுமோ தெரியாது. எழுதுகிறேன்.

நான் நேர்ஸிங் படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வார்ட், போர், இடப்பெயர்வு, திரும்ப வார்ட். என் வயதுக்காரர் எல்லோருக்கும் இருக்கும் கதைதான். என் கதை தனியாகப் பிரிந்து போனது ஒரு காலைநேரம், இடியப்ப உரலைப் பிழிய முடியாமல் போன அன்று. கை மூடவில்லை. விரல்கள் எல்லாம் வேறு யாருடையதோ போலக் கிடந்தன. நான் கோபத்தில் வேலைநிறுத்தம் செய்கிறேன் என்று என் கணவர் நினைத்தார். முதல் நாள் என்ன குற்றம் செய்தோம் என்று யோசித்துப் பார்த்து, ஒன்றும் அகப்படாததால், பொதுவாக மன்னிப்புக் கேட்டுவிட்டு உரலை வாங்கித் தானே பிழிந்தார். அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் வீட்டு இடியப்பம் அவர் கையால் விழுந்த வடிவத்தில்தான் இருக்கிறது. அதற்கு ஒரு வடிவம் உண்டென்று சொல்வது என் பெருந்தன்மை.

முடக்குவாதம் என்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. உடம்பு தன் மூட்டுகளையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிற நோய். காலையில் எழும்பும்போது கை கால் விறைத்துக் கிடக்கும், வெயில் ஏறித்தான் இளகும். பல்துலக்கும் பிரஷின் பிடியில் பழைய சீலைத்துண்டு சுற்றினேன். சட்டைப் பொத்தானுக்குப் பதில் ஒட்டுப்பட்டி வைத்தேன். பக்கத்து வீடுகளிலிருந்து முடக்கொத்தான் ரசமும் நொச்சியிலை ஒத்தடமும் வேப்பெண்ணெயும் வரிசையாக வந்தன. எங்கள் ஊரில் வருத்தம் ஒருவருக்குத்தான் வரும், வைத்தியர்கள் ஊர் முழுக்க.

இந்த நேரத்தில்தான் மூட்டு நோய்களுக்கென்று படித்த ஒரு நிபுணர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். எல்லோரும் அவரைப் பெரிய டொக்டர் என்றார்கள். ஆள் என்னவோ என் தோளுயரம்தான். முடக்குவாதக்காரரைத் தொடர்ந்து பார்த்துப் பதிவுசெய்யும் ஒரு ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதற்கு ஒரு நேர்ஸ் வேண்டும். மூட்டுகளை அழுத்தி நோகிறதா என்று பார்ப்பது அவளுடைய வேலை. ஆளுக்கு ஆள் அழுத்தம் மாறும் என்பதால் தொடக்கத்திலிருந்து முடிவு வரை அந்த ஒருத்தியே அழுத்த வேண்டும். அவர் என்னைக் கேட்டார். நேர்ஸ்மாருக்கெல்லாம் மேலான மேற்றன் திகைத்துப்போய், கையேலாத ஆளை வைத்தா கை பிடித்துப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். தலையிடியும் காய்ச்சலும் தனக்குத் தனக்கு வந்தால்தான் தெரியும், அதனால்தான் அவரைக் கேட்கிறேன் என்றாராம் பெரிய டொக்டர். அந்தப் பதிலில் ஒரு ஓட்டை இருப்பது பிறகுதான் எல்லோருக்கும் தெரிய வந்தது.

வேலை இதுதான். நோயாளியைக் கதிரையில் இருத்தி, வலது தோளில் தொடங்க வேண்டும். முழங்கை, மணிக்கட்டு, விரல் முட்டிகள், நடு மூட்டுகள், பிறகு இடப்பக்கம், கடைசியாக முழங்கால்கள். மொத்தம் இருபத்தெட்டு மூட்டு. முதலில் மெல்லத் தொட வேண்டும். தொட்டவுடனேயே நோகிறது என்று சொன்னால் அத்தோடு விட்டுவிட்டு அடுத்த மூட்டுக்குப் போகலாம். இல்லை என்றால்தான் அழுத்த வேண்டும். எவ்வளவு அழுத்துவது? அழுத்துகிறவரின் பெருவிரல் நகம் வெளுக்கும் வரை. அதற்குக் கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை. அழுத்தும்போது நோயாளியின் முகத்தைப் பார்க்க வேண்டும். வாயை நம்பக்கூடாது.

ஒரே அளவில் அழுத்தப் பழகுவதற்காகப் பெரிய டொக்டர் ஆஸ்பத்திரிக் குசினியிலிருந்து பருப்பு நிறுக்கும் தராசைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நான் அதன் தட்டில் பெருவிரலை ஊன்ற வேண்டும், முள் ஒரு கோட்டில் நிற்க வேண்டும். அவரும் ஊன்றுவார். இருவரும் மாறி மாறித் தராசை அமுக்கிக்கொண்டிருப்போம். குசினிக்காரர் கதவடியில் வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகிறது, நீங்கள் என்ன நிறுக்கிறீர்கள் என்று கேட்பார். "நோவை" என்பார் டொக்டர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். தராசு திரும்பிப் போகும்வரை அந்த வாரம் முழுக்க வார்டில் பருப்பு ஒருநாள் தண்ணீராகவும் ஒருநாள் களியாகவும் வந்தது.

டொக்டரிடம் இரண்டு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு மூட்டையும் தொடும் முன் "மன்னிக்க வேணும்" என்பார். நோயாளியிடம் அல்ல, மூட்டைப் பார்த்துத்தான் சொல்வார். மற்றது, யார் என்ன சொன்னாலும் "அப்பிடியோ?" என்பார். சந்தோஷம், துக்கம், சந்தேகம், கண்டிப்பு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல். "கொஞ்சம்" என்ற சொல்லை மட்டும் அவரால் தாங்க முடியாது. எங்கள் சனத்திடம் நோகிறதா என்று கேட்டால் கொஞ்சம் என்பார்கள். கால் முறிந்து தொங்கினாலும் கொஞ்சம்தான். கொஞ்சத்தை நான் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவர் தலையில் கை வைப்பார்.

கிளினிக் தொடங்கிய புதிதில் நான் மறைப்புக்கு அந்தப் பக்கம் இருந்து அழுத்துவேன். அவர் இந்தப் பக்கம் இருந்து சத்தத்தைக் கேட்டுப் பென்சிலால் குறிப்பார். பருத்தித்துறையிலிருந்து வந்த சிவபாதம் அண்ணைக்கு இருபத்தெட்டு மூட்டும் நோகிறது என்று பதிவானது. வாழ்நாள் முழுக்கக் கடலுக்குப் போனவர், படகில் கயிறு இழுத்து இழுத்து உரமேறிய கை. அவருக்கு இவ்வளவு மோசமா என்று டொக்டர் மறைப்பைத் தாண்டி வந்து பார்த்தால், அண்ணை கால்மேல் கால் போட்டு யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை ஐயா" என்றார் அண்ணை. "கத்தினது முழுக்க இந்தத் தங்கச்சிதான்."

உண்மைதான். வீங்கிய பெருவிரலால் இன்னொருவரின் எலும்பில் ஊன்றினால் யாருக்கு நோகும்? இரண்டு பேருக்கும் நோகும். ஆனால் அவர்கள் மானத்தோடு வாயை மூடிக்கொண்டிருப்பார்கள், நான்தான் "ஸ்ஆ" என்பேன். டொக்டர் மேற்றனுக்குச் சொன்ன பதிலில் இருந்த ஓட்டை இதுதான். டொக்டர் "அப்பிடியோ?" என்றுவிட்டு அதுவரை எழுதியதையெல்லாம் அழித்தார். அன்று முதல் நான் வாயில் ஒரு கராம்பைப் போட்டுக் கடித்துக்கொண்டுதான் அழுத்துவேன். காலையில் வந்ததும் அவர் என் இரண்டு பெருவிரலையும் பரிசோதித்து, இன்று வலதா இடதா என்று தீர்மானிப்பார். எங்கள் கிளினிக்குக்கு வந்தவர்களுக்கு முடக்குவாதம் என்றால் இன்றைக்கும் கராம்பு வாசம்தான் நினைவுக்கு வரும்.

அழுத்தி முடிந்ததும் நோவுக்கு ஒரு இலக்கம் கேட்போம். நோ இல்லையென்றால் பூச்சியம், தாங்கவே முடியாவிட்டால் பத்து. இதை நாங்கள் வேறு எந்த ஊரிலும் கேட்டிருக்கலாம். யாழ்ப்பாணத்தில் கேட்டது பிழை. பத்துக்கு எத்தனை என்று கேட்டால், பள்ளிக்கூடப் புள்ளியோடு வளர்ந்த எங்கள் சனத்துக்கு ஒரே பதில்தான் உண்டு. சுகமானவர்களும் பத்து என்றார்கள், படுக்கையாகக் கிடந்தவர்களும் பத்து என்றார்கள். ஒரு அம்மா ஏழு என்று சொல்லிவிட்டு, மற்ற மூன்றும் எங்கே போனது என்று என்னிடமே சண்டைக்கு வந்தார். பத்து என்றால் நல்லதல்ல என்று விளக்கிச் சொன்னோம். அடுத்த கிளினிக்கில் எல்லோரும் பூச்சியம் என்றார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கில் முடிந்த கதை.

கைப்பிடிப் பலம் பார்ப்பது அதைவிட மோசம். பிரஷர் பார்க்கும் பட்டியைச் சுருட்டிக் கொஞ்சம் காற்றடித்துக் கையில் கொடுப்போம். அதை அமுக்கினால் முள் ஏறும். சாதாரணமாக வீட்டில் எவ்வளவு ஏலுமோ அவ்வளவு அமுக்கினால் போதும் என்று சொல்வோம். யார் கேட்பது? சிவபாதம் அண்ணை முதல்முறை குறைவாக எடுத்த அவமானத்தில், மீன்காரர் சைக்கிளில் பூட்டும், அமுக்கினால் ஊதும் றப்பர்க் கோர்ணை வாங்கி வீட்டில் வைத்து அமுக்கிப் பழகியிருக்கிறார். காலை, மாலை, பாம் பாம் என்று. மீன் வந்துவிட்டதென்று ஒழுங்கை முழுக்கச் சட்டியோடு ஓடிவந்து பார்த்தால், முற்றத்தில் அண்ணை மட்டும் கதிரையில் இருக்கிறார். அடுத்த கிளினிக்கில் அவருடைய முள் டொக்டரின் முள்ளைவிட மேலே போனது. அதன்பிறகு அவரால் கையை விரிக்கவே முடியவில்லை. கன்ரீனில் நான்தான் தேத்தண்ணியைப் பிடித்துப் பருக்கப் போனேன். என் கைக்கும் அவர் வாய்க்கும் இடையில் கோப்பை விழுந்து உடைந்தது. ஒரு ஆஸ்பத்திரி முழுக்க ஆட்கள் இருந்தும் எங்கள் இருவரிடமா கோப்பையைக் கொடுத்தாய் என்று அண்ணை கன்ரீன்காரருக்கு ஏசினார்.

இந்த அமளியின் நடுவில் கிரேஸ் ரீச்சர் வந்தார்.

உடுவிலைச் சேர்ந்தவர். மிஷன் பாடசாலையில் படித்து, மிஷன் பாடசாலையிலேயே கணிதம் படிப்பித்து, கலியாணம் செய்யாமல், தாய் தகப்பன் விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்தார். கஞ்சி போட்ட சேலை, குடை, வெள்ளைக் கைலேஞ்சி. கை விரல்கள் சின்னிவிரல் பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தன. முட்டிகள் வீங்கிப் பளபளத்தன. பார்த்தவுடனேயே எனக்கு என் கை நொந்தது. அழுத்தினேன். "இல்லை" என்றார். இருபத்தெட்டுக்கும் இல்லை. நோவுக்கு இலக்கம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, முழுக்கப் பூச்சியம் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள், ஒன்று போடுங்கள் என்றார்.

அவரோடு வந்தவர் தம்பியின் மகன், வங்கியில் வேலை, நல்ல பிள்ளை. குறை சொல்ல ஒன்றுமில்லை. தகப்பன் கனடாவிலிருந்து கிழமைக்கு ஒருமுறை தொலைபேசியில் கேட்கிறார், மாமி தனிய இருக்கிறா, கை ஏலாதென்றால் ஒளிக்காமல் சொல்லுங்கள், முதியோர் இல்லத்தில் ஒரு அறை சொல்லி வைத்திருக்கிறேன் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அவர் சொன்னது ரீச்சருக்குக் கேட்காத தூரத்தில்தான். ஆனால் ரீச்சருக்கு அது எப்போதோ தெரியும். அறை தயாராகிவிட்டது, ஒரு சீட்டில் மோசம் என்று எழுத வேண்டியதுதான் மிச்சம் என்று அவர் விளங்கி வைத்திருந்தார். அதனால் எங்கள் கிளினிக் அவருக்குச் சோதனை மண்டபம். ஃபெயிலானால் வீடு போகும்.

ரீச்சர் சோதனைக்குப் படிக்காமல் வருகிற ஆளா? விடியற்புறம் எழும்பி உப்புத் தண்ணீர் சுடவைத்துக் கைகளை ஊற வைப்பார். வெயில் நன்றாக ஏறி விரல் இளகிய பிறகுதான் பஸ் ஏறுவார். வீக்கத்தை அடக்க அன்றாடம் போட வேண்டிய ஸ்டீரோயிட் மாத்திரையை முந்தின நாட்களில் போடாமல் சேர்த்து வைத்து, கிளினிக் அன்று ஒன்றாக விழுங்குவார். அது உடம்புக்குக் கேடு. இதெல்லாம் அவர் மட்டும் செய்திருந்தால் பரவாயில்லை. வெளியே வாங்குப் பலகையில் காத்திருக்கும் மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். தோளை அழுத்தும்போது மூச்சை இழுத்துப் பிடி, முகத்தைத் தளர்வாக வை, மனதுக்குள் வாய்பாடு சொல். சண்டிலிப்பாயிலிருந்து தோட்டத்து மண் காயாத காலோடு வருகிறவர்கள்கூட வாங்கில் இருந்து பதினேழாம் வாய்பாடு முணுமுணுத்தார்கள். சிவபாதம் அண்ணை முதல் வரிசையில் இருந்தார்.

யாழ்ப்பாணத்தில் வருத்தத்துக்கும் ரியூசன் வைக்கலாம் என்று அன்றுதான் கண்டேன்.

மாதக் கணக்கில் எங்கள் பதிவுகள் அற்புதமாக இருந்தன. மருந்து மாற்றாமலேயே எல்லோருக்கும் சுகம் வந்துகொண்டிருந்தது. பெரிய டொக்டர் ஒவ்வொரு தாளையும் பார்த்து "அப்பிடியோ?" என்றார். அவருடைய குரலில் சந்தோஷம் இல்லை. உடம்புக்குள் எவ்வளவு அழற்சி இருக்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனையை எடுத்து என் முன்னால் வைத்தார். கிரேஸ் ரீச்சரின் இரத்தம் பற்றி எரிந்துகொண்டிருந்தது. இரத்தத்துக்கு மட்டும் ரியூசன் கொடுக்க ரீச்சராலும் முடியவில்லை. நான் வாங்கில் கண்டதையெல்லாம் சொன்னேன். அவர் வெளியே போய், கணிதம் படிப்பித்த ரீச்சருக்கு முன்னால் கைகட்டி நின்று, உங்கள் வகுப்பை நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ரீச்சர் கைலேஞ்சியால் முகத்தை ஒற்றிக்கொண்டு, பார்ப்போம் என்றார்.

அந்த நேரத்தில்தான் புது ஊசி வந்தது. வெறும் மாத்திரைக்கு அடங்காதவர்களுக்குப் போடுவது. சிலருக்கு மட்டுமே போதுமான அளவு கிடைத்திருந்தது. அதனால் விதி இறுக்கம். நோகும் மூட்டு, வீங்கிய மூட்டு, இரத்தம், நோயாளி சொல்லும் இலக்கம் எல்லாம் சேர்ந்து ஒரு எல்லையைத் தாண்ட வேண்டும். ரீச்சருக்கு வீக்கமும் இரத்தமும் தாண்டின. நோகும் மூட்டு மட்டும் பூச்சியம். அந்தப் பூச்சியம் எல்லாவற்றையும் கீழே இழுத்தது. மருந்து இல்லாவிட்டால் இன்னும் சில காலத்தில் அந்த விரல்கள் சாய்ந்தது சாய்ந்ததுதான், திரும்ப வராது. பிறகு பூட்டில் திறப்புத் திருக முடியாது, வாளி தூக்க முடியாது, சட்டைக் கொழுக்கி பூட்ட முடியாது. எந்த வீட்டைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொல்கிறாரோ அந்த வீட்டில் இருக்க முடியாமல் போகும். இதை அவருக்கு எத்தனை விதமாகச் சொன்னேன். ரீச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீர் சொல்வது சரி பிள்ளை, ஆனால் எனக்கு நோகவில்லையே என்பார். எனக்குப் பத்திக்கொண்டு வரும். வீட்டுக்குப் போய்க் கணவரின் இடியப்பத்தின் மீது அந்தக் கோபத்தைக் காட்டுவேன்.

ஊசிக்குப் பெயர் எழுதும் கடைசிக் கிளினிக். ஊசியின் நன்மை தீமைகளை வீட்டாரும் கேட்க வேண்டும் என்பதால் தம்பியின் மகனும் உள்ளே வந்து ஒரு கதிரையில் இருந்தார். அதுதான் எனக்குப் பயம். அவர் முன்னால் ரீச்சர் செத்தாலும் வாய் திறக்க மாட்டார். போதாததற்கு அன்று மாரி மப்பு, என் இரண்டு பெருவிரலும் கொழுக்கட்டை போல வீங்கிக் கிடந்தன. டொக்டர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். எதைத் தெரிவுசெய்வது என்று தெரியாமல், "மன்னிக்க வேணும்" என்று என் விரல்களிடம் சொல்லிவிட்டுப் பென்சிலை எடுத்தார்.

கராம்பைக் கடித்துக்கொண்டு வலது தோளைத் தொட்டேன். இல்லை என்றார். அழுத்தினேன். இல்லை. முழங்கை, இல்லை. மணிக்கட்டில் ஊன்றும்போது என் பெருவிரலிலிருந்து தோள்வரை மின்னல் அடித்தது. நகம் வெளுப்பதற்குள் என் முகம் வெளுத்திருக்க வேண்டும். நெற்றியில் வியர்வை. வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே யார் எதை ஒளிக்கிறாள் என்று கண்டுபிடித்த மனுஷி அவர். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, உமக்கு விரல் நோகுதெல்லே?"

"இல்லை ரீச்சர்."

"எனக்கு முன்னாலை இருந்து பொய் சொல்லாதையும்."

கராம்பை மற்றக் கடைவாய்க்கு மாற்றினேன். இன்னும் எத்தனை மூட்டு இருக்கிறது என்று கேட்டார். இருபத்தைந்து என்றேன். அவ்வளவையும் இப்படியே அழுத்தத்தான் வேண்டுமா என்றார். நோகவில்லை என்றால் அழுத்தித்தான் ஆக வேண்டும், தொட்டவுடன் நோகிறதென்றால் தேவையில்லை என்று டொக்டர் பின்னாலிருந்து சொன்னார். ரீச்சர் தம்பியின் மகனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கையை என் பக்கம் நீட்டினார்.

"தொடும்."

முதல் முட்டியைத் தொட்டேன்.

"நோகுது."

அடுத்ததைத் தொட்டேன். நோகுது. அதற்கடுத்ததும் நோகுது. விரல் பட முந்தியே சொன்னார். எனக்கு இரங்கித்தான் சொல்லத் தொடங்கினார் என்று எனக்குத் தெரியும், வகுப்பில் இடாப்புக் கூப்பிடும்போது பதில் சொல்கிற பிள்ளை போல ஒரே தொனியில் சொன்னார். ஆனால் இடது கைக்கு வந்தபோது குரல் மாறிவிட்டது. நடுவிரலில் நான் கையை வைத்ததும் அந்தச் சொல் உடைந்துபோய் வந்தது. அதற்குப் பிறகு அவர் எனக்காகச் சொல்லவில்லை. முழங்காலுக்கு வரும்போது கைலேஞ்சியை எடுக்கக்கூட மறந்து அழுதுகொண்டிருந்தார். நானும் அழுதேன். டொக்டர் ஒவ்வொன்றுக்கும் மிக மெதுவாக "அப்பிடியோ" என்று சொல்லிச் சொல்லி எழுதினார். அந்தச் சொல்லில் அவ்வளவு இரக்கம் இருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

தம்பியின் மகன் எழும்பி நின்றார். "ஏன் மாமி எனக்கு ஒரு சொல் சொல்லேல்லை?"

"சொன்னா நீ என்னைக் கொண்டுபோய் விட்டிடுவாய் தம்பி."

அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் நாங்கள் யாரும் நம்பியிருக்க மாட்டோம். டொக்டர் அவரைத் தன் பக்கத்தில் இருத்தி, இந்த ஊசி வேலை செய்கிறதா என்று பார்க்கச் சில மாதம் வேண்டும், அதுவரை அந்த அறையைப் பற்றி வீட்டில் யாரும் கதைக்கக் கூடாது, இதை மருந்துச் சீட்டில் எழுதித் தரவேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றார் அவர். ரீச்சரின் குடையை எடுத்து விரித்து, ஆஸ்பத்திரிக்கு உள்ளேயே பிடித்துக்கொண்டு கூட்டிப்போனார். பாவம், அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

நெஞ்சுப் படம், மற்றப் பரிசோதனைகள் எல்லாம் முடிந்து ஊசி தொடங்கியது. மெல்ல மெல்ல வீக்கம் வற்றியது. சாய்ந்த விரல் நிமிரவில்லை, ஆனால் மேலும் சாயவில்லை. ஒருநாள் ரீச்சர் வந்து, சட்டையின் பின் கொழுக்கியைத் தானே பூட்டியதாக என் காதுக்குள் சொன்னார். அந்த அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் என்று தம்பியின் மகன் சொன்னார். மருந்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட வேண்டும் என்பதால் ரீச்சரின் தாளை மறுபடி நிரப்பினோம். மூட்டுகளைத் தொட்டேன், அழுத்தினேன், பெரும்பாலும் உண்மையாகவே நோ இல்லை. இரத்தமும் அடங்கியிருந்தது. கடைசியாக, நோவுக்குப் பத்தில் எத்தனை என்று கேட்டேன்.

"எட்டு" என்றார் ரீச்சர்.

பேனையைத் தூக்கிவிட்டேன். விரல்கள் வீங்கிப் பழுத்திருந்த காலத்தில் ஒன்று என்று சொன்ன மனுஷி. எங்கள் ஆராய்ச்சிக்குக் கணக்குப் போடும் பல்கலைக்கழகக்காரர் பிறகு தொலைபேசியில் எடுத்து, உங்களுக்கு எங்கோ பிழைத்துவிட்டது, சுகப்பட்டவர்கள் எல்லோரும் நோ கூடிவிட்டதென்று சொல்லியிருக்கிறார்கள் என்று சண்டை பிடித்தார். எல்லோரும்தான். வாங்கு முழுக்க ரீச்சரின் மாணவர்கள் அல்லவா. பெரிய டொக்டர் அவருக்கு ஒரே ஒரு "அப்பிடியோ?" மட்டும் சொல்லி, ஒரு இலக்கத்தையும் மாற்ற விடவில்லை. ஆனால் அது பிறகு நடந்தது. அன்று அறையில் நானும் ரீச்சரும்தான்.

"கை நல்லா வந்திட்டுது ரீச்சர். எட்டு எண்டு சொல்லுறியள்?"

"முந்தி எட்டெண்டு சொல்லியிருந்தா வீட்டாலை கிளப்பியிருப்பாங்கள், பிள்ளை. இனி நான் எங்கையும் போகப்போறேல்லை. இப்ப சொல்லலாம்தானே."

குடையைக் கதிரையில் கொழுவிவிட்டு நன்றாகச் சாய்ந்து இருந்தார். எங்கே நோகிறது என்று கேட்டேன். கடமைக்குத்தான் கேட்டேன். ரீச்சர் இடது காலின் சின்னி விரலில் தொடங்கினார். மத்தியானம் கிளினிக் பூட்டும்போது முழங்கால் வரைதான் வந்திருந்தோம்.